கழுகுமலை: கல்லில் பெயர் எழுதிய ஊர்

ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் தேசத்துக் குன்றுகளைப் பற்றியும் குக்கிராமங்களைப் பற்றியும் எழுதுவதென்றால் அலுப்பதே இல்லை. ஒரு சிறு குன்று. அதன் உச்சியில் இருபது முப்பது வீடுகள். நடுவே ஒரு பழைய மாதா கோயில். கோயிலைச் சுற்றிப் பாசி படிந்த கல்லறைகள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைப் பற்றி அவர்கள் எழுதியிருக்கும் புத்தகங்களை அடுக்கினால் அந்தக் குன்றை விட உயரமாகிவிடும். கிரே என்னும் கவி கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பாடி 1751-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரங்கற்பாவை நம் நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக நெட்டுருப் போட்டார்கள். பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்த ஏழை எளியவர்களை நினைத்து அந்தக் கவி மனம் உருகியதைப் படித்து, திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகளும் உருகினார்கள். தங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏழை எளியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போன மலை ஒன்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை!

அந்த மலைதான் கழுகுமலை. கோவிற்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தெற்கே கயத்தாற்றிலிருந்தும் போகலாம். சரித்திரத்தில் பற்றுள்ள நேயர்கள் கயத்தாற்றிலிருந்து புறப்படுவதே உசிதம் என்று சொல்லுவேன். காரணம் இருக்கிறது.

கயத்தாற்றுக் கற்குவியல்

கயத்தாறு என்றதும் தமிழர்கள் மனத்தில் தோன்றுவது ஒரு புளியமரம். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்டான். மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்து, கும்பெனியாரின் தளபதியான மேஜர் பானர்மன் விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கை நடத்தினான், தீர்ப்பைச் சொன்னான், தண்டனையையும் உடனே நிறைவேற்றினான். கும்பெனிக்கு எதிராக நின்றவனுக்கு என்ன கதி என்பதை மற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

பார்த்தவர்கள் பயந்திருக்கலாம். ஆனால் மறக்கவில்லை. தூக்கிலிட்ட இடத்தைக் கடந்து போன ஜனங்கள் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து அங்கே போட்டுவிட்டுப் போனார்கள். அது நாளடைவில் பெரிய கற்குவியலாக வளர்ந்தது. சிலை வைக்க அனுமதி இல்லாத காலத்தில், கல்வெட்டுப் பொறிக்க எழுத்தறிவு இல்லாத மக்கள், தங்களால் முடிந்த ஞாபகச் சின்னத்தை எழுப்பினார்கள். பிற்காலத்தில், 1970-ஆம் ஆண்டில், நடிகர் சிவாஜி கணேசன் அங்கே சொந்தச் செலவில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். 2015-இல் அரசாங்கத்தார் மணிமண்டபமும் கட்டினார்கள். சிலையும் மண்டபமும் சிறந்த காரியங்களே. ஆயினும் பெயர் தெரியாத வழிப்போக்கர்கள் போட்ட கற்களே அந்த இடத்தின் முதல் மண்டபம் என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கரிசல் சீமையில் ஜனங்கள் தங்கள் மனத்தில் உள்ளதைக் கல்லிடம் சொல்லி வைப்பது பழைய வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டுமானால் வடக்கே போக வேண்டும்.

கரிசல் வழி

கயத்தாற்றை விட்டதும் இரு பக்கமும் கரிசல் காடு விரிகிறது. நகரத்தார் காடு என்றால் மரங்கள் அடர்ந்த இடம் என்று நினைப்பார்கள். இங்கே காடு என்றால் விளைநிலம். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கறுப்பு மண், ஐப்பசி கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமுமாக மாறிவிடும். மழை ஏமாற்றினால் சம்சாரியும் ஏமாந்தான். ஆற்றுப் பாய்ச்சல் கிடையாது; வானத்தைப் பார்த்தே வாழ வேண்டிய பூமி.

இப்போது இந்தப் பூமிக்கு வானத்திலிருந்து இன்னொரு வரும்படியும் கிடைத்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தைப் போலவே கயத்தாற்றுப் பக்கமும் காற்றுக்குப் பெயர் பெற்றது. வெள்ளை வெளேரென்று நெடிய கம்பங்களின் மேல் மூன்று சிறகுகளை விரித்துக்கொண்டு காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைகளைப் பரிசோதிக்கும் மத்திய சர்க்காரின் நிலையம் ஒன்றும் கயத்தாற்றில் இருக்கிறது. கறுப்பு மண்ணின் மேல் வெள்ளைச் சிறகுகள் சுழலும் காட்சி ஒரு தனி அழகுதான்.

இந்த மண்ணைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கயத்தாற்றுக்கும் கோவிற்பட்டிக்கும் இடையே உள்ள இடைசெவல் என்னும் சிற்றூர், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்ற இரண்டு பெரிய கதாசிரியர்களைத் தமிழுக்குத் தந்தது. கிழக்கே இருக்கும் எட்டயபுரம் தந்த கவியின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. மழை குறைந்த பூமியில் தமிழ் மட்டும் முப்போகம் விளைந்திருக்கிறது!

மலை தெரிகிறது

சமதரையில் வெகு தூரத்திலேயே கழுகுமலை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய மலை அல்ல. ஒற்றைப் பாறைக் குன்று. கரிசல் கடலில் ஒரு பெரிய யானை படுத்திருப்பது போன்ற தோற்றம். மலையின் அடிவாரத்தில் முருகன் கோயில். அதைச் சுற்றித் தேர் ஓடும் வீதிகள். வீதிகளைச் சுற்றி ஊர்.

ராமாயணத்தில் வரும் ஜடாயுவின் தமையனான சம்பாதி இங்கே முருகனை வழிபட்டுத் தம்பிக்குச் செய்ய முடியாமற்போன அந்திமக் கடன் பற்றிய குறை நீங்கப் பெற்றான் என்பது தல புராணம். அதனாலேயே இதற்குக் கழுகுமலை என்ற பெயர் வந்ததாம். ஆனால் மலையில் இருக்கும் பழைய சாசனங்களில் இந்தப் பெயர் இல்லை. அவற்றில் மலைக்கு அரைமலை என்று பெயர். ஊருக்கு நெச்சுரம் என்று பெயர். ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால், பாண்டியர் ஆட்சியில் இது பேர் பெற்ற ஊராக இருந்திருக்கிறது.

மேலே போகப் பாறையிலேயே படிகள் வெட்டியிருக்கிறார்கள். வயதானவர்களும் மெல்ல ஏறிவிடலாம். காலை வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பாறையில் செருப்பில்லாமல் நிற்பவருக்குத் தவத்தில் நல்ல பயிற்சி இருக்க வேண்டும்!

கல்லில் எழுதிய ஜாபிதா

தவத்தில் பயிற்சி உள்ளவர்களே இங்கே வாழ்ந்தார்கள். மலையின் மேற்பகுதியில் நீண்ட பாறைச் சரிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பாறை முகத்தில் ஏறக்குறைய 150 திருவுருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை சமண தீர்த்தங்கரர்களின் உருவங்கள். தாமரை ஆசனத்தின் மேல் கால்களை மடித்து அமர்ந்து, தலைக்கு மேல் முக்குடை கவிந்திருக்க, அரைக் கண் மூடிய நிலையில், வரிசை வரிசையாக அவர்கள் வீற்றிருக்கிறார்கள்.

இவற்றின் நடுவே சில பெரிய சிற்பங்களும் உண்டு. பார்சுவநாதருக்கு நாகம் படம் விரித்துக் குடை பிடிக்கிறது, எதிரி ஒருவன் பாறையைத் தூக்கி எறிய வருகிறான், அவரோ அசையவில்லை. பாகுபலியின் உடம்பில் கொடிகள் படர்ந்து ஏறியிருக்கின்றன; சகோதரிகள் இருவர் பக்கத்தில் நிற்கிறார்கள். அம்பிகை என்னும் யக்ஷி, குழந்தைகளோடும் சிங்கத்தோடும் ஒயிலாக நிற்கிறாள். அந்த அம்பிகையின் இடுப்பு வளைவையும் முகத்தின் சாந்தத்தையும் பார்த்தால், துறவிகளின் மலையில் சிற்பி மட்டும் உலகத்தைத் துறக்கவில்லை என்று தெரிகிறது.

ஆனால் சிற்பங்களை விட நம்மை அதிகம் நிறுத்தி வைப்பவை அவற்றின் கீழே இருக்கும் சிறு சிறு சாசனங்கள். வட்டெழுத்தில் சுமார் நூறு சாசனங்கள் இருக்கின்றன. ராஜாக்களின் மெய்க்கீர்த்திகள் அல்ல இவை. 'இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி' என்ற ஒரு வரிச் சமாசாரம்தான் பெரும்பாலும். யார் இந்த இன்னார்? வேட்கோவர் என்னும் குயவர் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், துறவிகள் இருக்கிறார்கள், அவர்களுடைய மாணாக்கர்கள் இருக்கிறார்கள். இறந்துபோன உறவினரை நினைத்துச் செய்வித்தவர்களும் உண்டு. ஒரு சாசனம், பாண்டியனுக்கும் ஆய் வேந்தனான கருநந்தனுக்கும் நடந்த போரில், அரிவியூர்க் கோட்டைத் தாக்குதலில், உயிர் நீத்த வீரர் இருவரைப் பற்றிச் சொல்லுகிறது.

இவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குரத்தியர் என்ற சொல் இங்கே அடிக்கடி வருகிறது. குரவர் என்றால் ஆசிரியர். குரத்தியர் என்றால் பெண் ஆசிரியர். திருச்சாரணத்துக் குரத்தியர் என்று ஒரு பெயர் காணப்படுகிறது. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து இவ்வளவு தூரம் ஒரு பெண் துறவியின் தொடர்பு நீண்டிருக்கிறது. அவர்களுக்கு மாணாக்கர்கள் இருந்தார்கள்; சமுதாயத்தில் மதிப்பு இருந்தது; தங்கள் பெயரில் திருமேனி செய்விக்கும் செல்வமும் சுதந்திரமும் இருந்தன. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று இருபதாம் நூற்றாண்டிலும் கேட்டுக்கொண்டிருந்த தேசத்தில், எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெண் ஆசிரியர்களின் பெயர்கள் கல்லில் ஏறியிருக்கின்றன. பள்ளி என்ற சொல்லே முதலில் சமணத் துறவிகளின் உறைவிடத்தைக் குறித்ததுதான். அப்படியானால் இந்த மலையை நாம் பாண்டிய நாட்டின் பழைய சர்வகலாசாலைகளில் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் மந்திரியான தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-ஆம் ஆண்டில் உத்தரவு போட்டார். அன்று முதல்தான் அந்த நாட்டுச் சாமானியனின் பெயர் ஒழுங்காகப் பதிவாகத் தொடங்கியது. இன்றும் ஆங்கிலேயர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிக் கிராமத்துக் கோயிலுக்குப் போகிறார்கள். நல்ல வழக்கம், மெச்ச வேண்டியதுதான். ஆனால் அந்த உத்தரவுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னால், யாருடைய உத்தரவும் இல்லாமல், கரிசல் காட்டுக் குயவரும் தச்சரும் தங்கள் பெயரைப் பாறையில் பதிவு செய்துகொண்டார்கள். காகிதத்தைக் கரையான் அரிக்கும். இந்த ஜாபிதாவை அரிக்கக் கரையானுக்குப் பல் இல்லை.

முற்றுப் பெறாத கோயில்

அங்கிருந்து சிறிது தூரத்தில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. முதலில் அது கண்ணில் படாது. பாறையின் மேல் நடந்துகொண்டே போகும்போது திடீரென்று காலடியில் ஒரு பள்ளம் திறக்கும். பள்ளத்தின் நடுவே ஒரு விமானம் எழுந்து நிற்கும். கோயிலைப் பார்க்க அண்ணாந்து பார்ப்பதுதான் உலக வழக்கம். இங்கே குனிந்து பார்க்க வேண்டும்!

மலையின் சரிவில் சுமார் 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்து, நடுவில் விட்ட ஒரே கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். மற்றக் கோயில்களை அஸ்திவாரத்திலிருந்து சிகரத்துக்குக் கட்டுவார்கள். இங்கே சிகரத்திலிருந்து அஸ்திவாரத்தை நோக்கி வேலை நடந்திருக்கிறது. இந்த முறையில் சாரம் கட்ட வேண்டாம். கல்லைத் தூக்கி ஏற்ற வேண்டாம். ஆனால் ஓர் அபாயம் உண்டு. செங்கல்லில் கட்டினால் பிசகியதை இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். இங்கே மூக்கில் உளி ஒரு தரம் அதிகமாகப் பட்டுவிட்டால், போன மூக்கு போனதுதான். முழுக் கோயிலையும் மனத்தில் கட்டி முடித்த பிறகே முதல் அடி விழ வேண்டும்.

வடக்கே எல்லோராவில், ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் வெட்டிய கைலாசநாதர் கோயில் இந்த முறையில் அமைந்தது. அதுவும் எட்டாம் நூற்றாண்டு; வெட்டுவான் கோயிலும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது என்பர். இதைத் தென்னாட்டு எல்லோரா என்று சிலர் அழைக்கிறார்கள். எல்லோரா பெரியது, பிரம்மாண்டமானது. ஆனால் பாறையைக் குழைத்து வேலை செய்யும் நயத்தில் கழுகுமலைச் சிற்பி யாருக்கும் சளைத்தவன் அல்ல.

விமானத்தின் நான்கு திசையிலும் தெய்வ உருவங்கள் இருக்கின்றன. கிழக்கே உமையோடு கூடிய சிவபெருமான், மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா, தெற்கே தட்சிணாமூர்த்தி. இந்தத் தட்சிணாமூர்த்தியைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் கோயில்களிலும் ஆலமரத்தின் கீழ் மௌனமாக உபதேசம் செய்பவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார்! தலையைச் சற்றே சாய்த்து, தம் தாளத்தில் தாமே லயித்துப்போய் இருக்கிறார். இந்தக் கோலம் மிக மிக அபூர்வமானது. விளிம்புகளில் பூதகணங்கள் ஆடுகின்றன, பாடுகின்றன, சிரிக்கின்றன. மூலைகளில் நந்திகள் படுத்திருக்கின்றன. கல்லிலே இவ்வளவு குதூகலம் இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பார்வை கீழே இறங்க இறங்கக் குதூகலம் நின்றுவிடுகிறது. மேலே மயிரிழையான வேலைப்பாடு. நடுவே உருவங்கள் பாதி பிறந்து பாதி கல்லாக நிற்கின்றன. அடியில் வெறும் உளித் தழும்புகள். கோயில் முடியவில்லை. ஏன் முடியவில்லை?

இதற்கு ஊரார் ஒரு கதை சொல்லுகிறார்கள். தகப்பனும் மகனும் பெரிய சிற்பிகள். இருவருக்கும் மனத்தாங்கல். தகப்பன் மேலே வெட்டுவான் கோயிலை வெட்டினான். மகன் அடிவாரத்தில் முருகன் கோயிலைச் செய்தான். யார் முதலில் முடிப்பது என்று போட்டி. மகன் முந்திக்கொண்டான். கீழே இருந்து வெற்றிச் செய்தி வந்ததும், ஆத்திரம் தாங்காத தகப்பன் கையிலிருந்த உளியை வீசி எறிந்தான். மகன் உயிர் போயிற்று. மகன் போன பிறகு தகப்பனுக்கு உளி எதற்கு? வேலை அப்படியே நின்றுவிட்டது.

சரித்திர ஆசிரியர்கள் இந்தக் கதையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போர் வந்திருக்கலாம், பொருள் குறைந்திருக்கலாம், அரசன் கவனம் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். எது எப்படியானாலும், முற்றுப் பெறாததனாலேயே இந்தக் கோயில் நமக்கு ஒரு பாடசாலையாக இருக்கிறது. முடிந்துபோன கோயில் சிற்பியின் வெற்றியை மட்டும் காட்டும். முடியாத இந்தக் கோயில் அவன் எப்படி வேலை செய்தான் என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. கருவறையில் இப்போது ஒரு பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். விக்கினம் நேர்ந்த இடத்தில் விக்கினேசுவரர் வந்து உட்கார்ந்தது பொருத்தந்தான்.

அடிவாரத்துக் குமரன்

கீழே இறங்கினால் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்த குகையே கருவறை, மலையே விமானம். ஆகையால் சந்நிதியை மட்டும் பிரதக்ஷிணம் செய்ய முடியாது. சுவாமியைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். முருகன் மேற்கு நோக்கி, ஒரு முகமும் ஆறு கரங்களுமாக, மயில் மேல் அமர்ந்திருக்கிறான். மயிலின் தலை வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது.

இந்த முருகனைத் தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் அழைத்துச் சென்றவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்த இந்தக் கவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகும்போது பாடுவதற்காகக் காவடிச் சிந்து இயற்றினார். இளமையிலேயே காலமாகிவிட்டார். ஆனால் அவருடைய மெட்டுகள் காவடிகளோடு சேர்ந்து பழனிக்கும் திருச்செந்தூருக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் நடந்தன. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார் பிற்காலத்தில் சிந்து மெட்டுகளை எடுத்துத் தேசத்தைத் தட்டி எழுப்பினார்.

தேர் வீதியில் சிந்திய இரத்தம்

இவ்வளவு அழகைச் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. விடக் கூடாது.

சாசன இலாகாவினர் 1894-ஆம் ஆண்டில் கழுகுமலைக்கு வந்து, பாறையிலிருந்த வட்டெழுத்துக்களைப் படி எடுத்துக்கொண்டு போனார்கள். குயவரும் கொல்லரும் துறவியும் ஒரே பாறையில் சமமாக அமர்ந்திருந்த பழைய ஜாபிதா அப்படித்தான் அறிஞர் உலகத்துக்குத் தெரிய வந்தது. மலை மேல் இந்த வேலை நடந்த காலத்தில் மலையடிவாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

அடிவாரத்தின் தேர் வீதிகளில் தங்கள் சுவாமி ஊர்வலமும் கல்யாண ஊர்வலமும் போக வேண்டும் என்று நாடார் சமூகத்தார் கேட்டார்கள். கோயிலை நிர்வகித்து வந்த எட்டயபுரம் ஜமீன் மறுத்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. மனம் வெறுத்துப்போன பலர் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். தேர் வீதியிலேயே ஒரு வீட்டை ஜபக்கூடமாக்கிக்கொண்டார்கள். 1895 ஏப்ரலில் பங்குனித் தேரோட்டம் வந்தது. ஜபக்கூடத்தின் முன்னிருந்த பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று வார்த்தை வளர்ந்தது. வார்த்தை கலகமாயிற்று. ஜமீன் நிர்வாகி உள்ளிட்ட பலர் மாண்டார்கள், வீடுகள் எரிந்தன. தேர் ஓட வேண்டிய வீதியில் இரத்தம் ஓடிற்று.

ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் மலை மேல் எல்லோருக்கும் இடம் இருந்தது. 1895-இல் மலையடிவாரத்தில் ஒரு வீதியில் நடக்க இடம் இல்லை! முன்னோர் பெருமை பேசும்போதெல்லாம் இதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நியன் வந்துதான் நம்மைக் கெடுத்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத விஷயம் இது. நம் வீதியை நாமே அடைத்தோம்.

நல்ல வேளையாக, கதை அங்கே நிற்கவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், வைத்தியநாத ஐயரின் தலைமையில், ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார் ஒருவரும் பிரவேசித்தார்கள். அந்த வருஷமே ராஜாஜி மந்திரிசபை அதற்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது. சுதந்திரம் வந்த 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கழுகுமலை முருகன் சந்நிதியும் எல்லோருக்கும் திறந்தது. கோயிலில் மணி ஒலிக்கிறது. ஊரில் மாதா கோயில் மணியும் ஒலிக்கிறது. மலை மேல் சமணர் மௌனமாக அமர்ந்திருக்கிறார். மூன்றையும் ஒரே மலை தாங்கிக்கொண்டிருக்கிறது.

நம் கடமை

வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் தமிழக அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆனால் சர்க்கார் காவலாளி ஒருவர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டால் மட்டும் ஒரு மலை பிழைத்துவிடாது. நம் நாட்டில் பழைய பாறை எங்கே இருந்தாலும், அதன் மேல் கரியாலும் ஆணியாலும் பெயரைக் கிறுக்கிவிட்டு வருவதை ஒரு வீரச் செயலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கழுகுமலைக் குயவரும் பாறையில் பெயர் எழுதினார்தான். ஆனால் அவர் முதலில் ஒரு திருமேனியைச் செய்வித்தார். பிறகு அதன் காலடியில் சின்னதாகப் பெயர் போட்டுக்கொண்டார். இவர்கள் திருமேனியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுகிறார்கள்!

கிறுக்கலாவது அழித்தால் போய்விடும். மலையையே உடைத்து ஜல்லியாக்கி விற்றுவிட்டால் என்ன செய்வது? மதுரைச் சீமையில் எத்தனையோ குன்றுகள் அப்படி மறைந்தன. ஆனால் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி ஜனங்கள் வேறு வழி காட்டினார்கள். சமணப் படுகைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள தங்கள் மலைகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2022-இல் அந்தப் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப் போகிறது என்றபோது, கிராமத்தார் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. மலையைக் காப்பாற்றுவது அதன் அடிவாரத்தில் வசிப்பவர்களால் முடியும் என்பதற்கு இதை விட அத்தாட்சி வேண்டாம்.

கரிசல் சீமைக்கும் இது புதிதல்ல. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எப்படி எழுந்தது? கல்கி அவர்கள் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். 1945-இல் அடிக்கல் நாட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். கயத்தாற்றில் வழிப்போக்கர் போட்ட கல்லும், எட்டயபுரத்துக்கு வாசகர் அனுப்பிய ரூபாயும், கழுகுமலையில் குயவர் செய்வித்த திருமேனியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

ஆகவே நேயர்கள் விடுமுறை நாட்களில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவதில் ஆட்சேபணை இல்லை. ஒரு தரம் கழுகுமலைக்கும் போய் வாருங்கள். கோவிற்பட்டி வரை ரயில் இருக்கிறது; அங்கிருந்து பஸ் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வெயில் கடுமை இராது. திரும்பும்போது புகழ் பெற்ற கோவிற்பட்டிக் கடலை மிட்டாயும் கிடைக்கும். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் காட்டுங்கள், அம்பிகையைக் காட்டுங்கள். பிறகு பாறையின் முன்னால் உட்கார வைத்து, "இங்கே ஒரு குயவருடைய பெயர் இருக்கிறது, இங்கே ஓர் ஆசிரியையின் பெயர் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் ராஜாக்களின் பெயரை நிறையப் படித்துவிட்டார்கள். இந்தப் பெயர்களையும் படிக்கட்டும்.